பாகப்பிரிவினைக்கு வக்கீல்: எந்த வேலைக்கு, எந்தக் கட்டத்தில், யாரை?

அப்பா உயில் எழுதாமல் போய்விட்டார். அவர் சம்பாதித்துக் கட்டிய வீடு ஒன்று, இரண்டு ஏக்கர் நஞ்சை. அம்மா இருக்கிறார். ஒரு அண்ணன், ஒரு தம்பி, கல்யாணமாகி வெளியூரில் இருக்கும் நீங்கள். "உனக்குத்தான் நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சே" என்கிறார் அண்ணன். பங்கை விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று எழுதும் விடுதலைப் பத்திரத்தில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால் போதுமாம். நீங்கள் யோசிக்கிறீர்கள். தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு, "நல்ல வக்கீல் யாராவது இருக்காங்களா?" என்று கேட்கிறீர்கள்.

அதற்கு முன்னால் கேட்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது: வக்கீலிடம் என்ன வேலை வாங்கப் போகிறோம்? கருப்பு கவுன் போட்டு நீதிபதி முன்னால் பேசுவதுதான் நமக்குத் தெரிந்த வக்கீல் வேலை. சொத்துத் தகராறில் அது கடைசியில் வருவது. அதற்கு முன்னால் காகிதங்களைப் படித்து உங்கள் கை எவ்வளவு பலம் என்று சொல்ல வேண்டும். நோட்டீஸும், வழக்கைத் தொடங்கும் மனுவான பிராதும், பத்திரமும் எழுத வேண்டும். எதிர்த்தரப்போடு உட்கார்ந்து பேச வேண்டும். எல்லாவற்றிலும் ஒரே ஆள் கெட்டிக்காரராக இருப்பது அபூர்வம். குறுக்கு விசாரணையில் சாட்சியைத் திணறடிக்கிற சீனியர், சமரசப் பேச்சில் வாயைத் திறந்தாலே காரியம் கெட்டுப்போவதும் உண்டு.

முதலில் ஒரு கருத்து

எந்த வழியில் போனாலும் முதல் செலவு ஒரு சட்டக் கருத்துக்குத்தான் என்பது என் கட்சி. வழக்கு போடுகிற வக்கீலிடமே அதை வாங்க வேண்டியதில்லை. மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய், "இதைப் படித்துவிட்டு என் நிலைமையைச் சொல்லுங்கள், அதற்கு ஃபீஸ் தருகிறேன்" என்று கேட்கலாம். இப்படிக் கேட்க நமக்கு ஏனோ கூச்சம். ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்குத் தனியாகப் பணம் கட்டுகிறோம், இதற்கு மட்டும் யோசிக்கிறோம்.

அந்த ஒரு உட்காரலில் என்ன தெரியவரும் என்று பாருங்கள். "2005 சட்டத்துக்கு முன்னாடியே உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, பங்கு கிடையாது" என்று அண்ணன் சொல்லியிருப்பார். அவர் சொல்வது வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம், அது பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பற்றியது. அப்பா சுயமாகச் சம்பாதித்து, உயில் இல்லாமல் இறந்தால், 1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படியே மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு. உங்கள் கல்யாணத் தேதிக்கு இதில் வேலையே இல்லை. அம்மாவும் முதல் வகுப்பு வாரிசு. ஆகவே சொத்து மூன்றாகப் பிரியாது, நான்காகப் பிரியும். சண்டையின் சூட்டில் பிள்ளைகள் மூன்று பேரும் அம்மாவை மறந்துபோவது சர்வசாதாரணம்.

சொத்து பூர்வீகமாக இருந்தால் கணக்கு வேறு. தமிழ்நாட்டின் 1989 திருத்தம், 2005-ன் மத்தியத் திருத்தம், அப்பா அப்போது உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-ல் சொன்னது, 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுப் பத்திரத்தில் பாகம் பிரிந்திருந்தால் அதைத் தொட முடியாது என்பது, எல்லாம் வரிசையாக வரும். பட்டா அண்ணன் பேருக்கு மாறிவிட்டது என்று பதறுகிறவர்களுக்கும் இங்கேதான் பதில் கிடைக்கும்: பட்டா வருவாய்த்துறைப் பதிவு, அது மட்டுமே உரிமையைத் தந்துவிடாது.

வக்கீலிடம் பாதகமானதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் வங்கிக் கடனுக்கென்று வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால், அதை இப்போதே சொல்ல வேண்டும். கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை அவர் சம்மதமில்லாமல் வக்கீல் வெளியிடக் கூடாது என்ற பாதுகாப்பு பழைய சாட்சியச் சட்டத்தில் 126-வது பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 132-வது பிரிவாக இருக்கிறது. மறைத்துவைத்த காகிதம் குறுக்கு விசாரணையில் வெளியே வந்தால் உங்கள் வக்கீலே உட்கார்ந்துவிடுவார்.

இன்னொரு எச்சரிக்கை, "நம்ம குடும்ப வக்கீல்" பற்றி. அண்ணன் கூட்டிவருகிற அவர் நல்லவராகவே இருக்கலாம், சின்ன வயதில் உங்களைத் தூக்கி வளர்த்தவராகக்கூட இருக்கலாம். ஆனால் அவரை அமர்த்தியது அண்ணன். விடுதலைப் பத்திரத்தை அவர் எழுதுவது அண்ணனுக்காக. ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவரோ பிராது எழுதிக்கொடுத்தவரோ அதே விவகாரத்தில் எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது என்று இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதிகள் சொல்கின்றன. "சார், நீங்க யாருக்கு வக்கீல்?" என்று மரியாதையாகவே கேட்டுவிடுங்கள். பதில் இழுத்தால், வேறு ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

சொந்தச் செலவில் வக்கீல், முழு வழக்கு

ஆள் உங்கள் தேர்வு, அவர் உங்களுக்கு மட்டும் பொறுப்பு, தேவைப்பட்டால் மாற்றலாம். அண்ணன் இடத்தை விற்கப் பார்க்கிறார், புரோக்கர்கள் வந்துபோகிறார்கள் என்றால் வேறு யோசனையே வேண்டாம், இந்த வழிதான். பிராதோடு இடைக்கால மனு போட்டு, விற்கக் கூடாது என்று உறுத்துக்கட்டளை கேட்கலாம். அதற்குள் விற்றேவிட்டாலும், வழக்கு நடக்கும்போது வாங்கியவரைத் தீர்ப்பு கட்டுப்படுத்தும். சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-வது பிரிவு அதற்கென்றே இருக்கிறது.

இந்த வழியில் வக்கீலின் எழுத்து வேலை எவ்வளவு பணத்தைத் தீர்மானிக்கிறது என்பதை நீதிமன்றக் கட்டணத்தில் பார்க்கலாம். தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 37-வது பிரிவு பாக வழக்குகளை இரண்டாகப் பிரிக்கிறது. சொத்து இன்னும் எல்லோருடைய கூட்டு அனுபவத்தில், அதாவது எல்லோர் கைவசமும், இருக்கிறது, நான் பங்கைப் பிரித்துத்தான் கேட்கிறேன் என்றால் சிறிய நிலையான கட்டணம். என்னை அனுபவத்திலிருந்தே வெளியேற்றிவிட்டார்கள் என்றால் உங்கள் பங்கின் சந்தை மதிப்பில் 3 சதவீதம். 2017 வரை இது 7.5 சதவீதமாக இருந்தது. பங்கு 20 லட்சம் என்றால் இப்போது 60,000 ரூபாய், வழக்கு போடும் நாளிலேயே.

ஒருவர் ஊரில் குடியிருப்பதாலேயே மற்ற பங்குதாரர்களின் அனுபவம் போய்விடாது என்பதுதான் சட்டத்தின் பொதுவான நிலை. ஆனால் பலர் என்ன செய்கிறார்கள்? கோபத்தில் யாரோ ஒருவரிடம் நோட்டீஸ் எழுதச் சொல்கிறார்கள். அவரும் காரமாக, "எமது கட்சிக்காரரைத் தாங்கள் சொத்திலிருந்து முற்றிலுமாக வெளியேற்றி, உள்ளே நுழையவிடாமல் தடுத்துவருகிறீர்கள்" என்று எழுதி அனுப்பிவிடுகிறார். ஆறு மாதம் கழித்து வேறு வக்கீல் பிராதில் "கூட்டு அனுபவம்" என்று எழுதினால், எதிர்த்தரப்பு அந்த நோட்டீஸை எடுத்து நீட்டுகிறது. உண்மை எதுவோ அதைத்தான் எழுத வேண்டும், சரி. ஆனால் அந்த உண்மையை, "வீட்டுச் சாவி இருக்கா? பொங்கலுக்குப் போய்த் தங்குவீங்களா? குத்தகை நெல்லில் பங்கு வந்துச்சா?" என்று துருவிக் கேட்டுவிட்டு எழுதுகிறவர்தான் வக்கீல்.

காலம் பற்றிக் கனவு வேண்டாம். பிராதுக்கு எதிர்த்தரப்பு தரும் எதிருரைக்கு 30 நாள், நீட்டித்தால் 90 நாள் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. விசாரணையில் ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது என்றும் சொல்கிறது. இந்த வரம்புகளைக் கொண்டுவந்த சட்டத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது நம் சேலம் வழக்கறிஞர் சங்கம்தான். திருத்தங்கள் செல்லும் என்றது நீதிமன்றம். தக்க காரணம் இருந்தால் தளர்த்தலாம் என்றும் சொன்னது. ஏதாவது ஒரு சார்பு நீதிமன்றத்தில் காலை பத்தரை மணிக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். டவாலி பெயர் கூப்பிடுகிறார், ஜூனியர் எழுந்து "சீனியர் மேல் கோர்ட்டில் இருக்கிறார்" என்கிறார், தேதி விழுகிறது, அடுத்த பெயர். ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்த கட்சிக்காரர் வராந்தாவில் குமாஸ்தாவிடம் "என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

பாக வழக்கில் தீர்ப்பு வந்தாலும் பாதி தூரம்தான். யாருக்கு எத்தனை பங்கு என்று சொல்வது முதல்நிலைத் தீர்ப்பாணை. அப்புறம் இறுதித் தீர்ப்பாணைக்கு மனு, வழக்கறிஞர் ஆணையர் சர்வேயரோடு வந்து அளந்து, எந்தப் பக்கம் யாருக்கு என்று அறிக்கை தர வேண்டும், அதற்கு ஆட்சேபணை, பிறகு முத்திரைத்தாளில் இறுதித் தீர்ப்பாணை. ஃபீஸ் பேசும்போதே "இது முதல்நிலை வரைக்குமா, இறுதி வரைக்குமா? மேல்முறையீடு தனியா? இடைக்கால மனுக்களுக்குத் தனியா?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். "இப்ப எதுவும் வேணாம், ஜெயிச்சா பத்து சென்ட் எழுதிக்கொடுத்துடுங்க" என்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதும், கிடைப்பதில் பங்கு கேட்பதும் பார் கவுன்சில் விதிப்படி தடை.

சட்ட உதவி வக்கீல்

இதைப் பலர் பரிசீலிப்பதுகூட இல்லை. "இலவசம்" என்றதும் நமக்கென்று இல்லை, பரம ஏழைகளுக்கு என்று நினைத்துக்கொள்கிறோம். 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 12-வது பிரிவில், தகுதியுள்ளவர்களைப் பட்டியலிடுகிறது: பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள். அதிலேயே பெண்கள், குழந்தைகள் என்றும் இருக்கிறது. வருமான வரம்பு தனி வகை. பெண்ணுக்கு அது பொருந்தாது. ஆகவே நம் உதாரணத்தில் உங்களுக்கும் தகுதி உண்டு, அம்மாவுக்கும் உண்டு. அண்ணனுக்கு வருமானத்தைப் பார்ப்பார்கள்.

மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவும், தாலுகா நீதிமன்றத்தில் வட்டக் குழுவும் இருக்கும். மனு கொடுத்தால் தங்கள் பட்டியலில் இருக்கும் வக்கீல் ஒருவரை, பேனல் வக்கீல் என்பார்கள், நியமிப்பார்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். வக்கீல் ஃபீஸோடு நீதிமன்றக் கட்டணம், நகல் செலவு போன்றவையும் இந்த உதவிக்குள் வரும். அந்த 60,000 ரூபாயை நினைத்துப் பாருங்கள். பேனல் வக்கீல் உங்களிடம் தனியாகப் பணம் வாங்கக் கூடாது. கேட்டால் ஆணைக்குழுவின் செயலாளரிடம் எழுதிக் கொடுக்கலாம். அவர் ஒரு நீதிபதி.

குறை இல்லையா? இருக்கிறது. அரசு தருகிற தொகை குறைவு; ஆளைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் உங்களுக்குக் குறைவு; ஒருவர் ஆர்வமாகச் செய்வார், ஒருவர் கடமைக்குச் செய்வார். ஆனால் ஆயிரக்கணக்கில் வாங்கிவிட்டுக் கடமைக்குச் செய்கிறவர்களும் இருக்கிறார்களே! வாரிசுரிமை தெளிவாக இருக்கிற, உயிலோ பழைய பத்திரமோ குறுக்கே வராத ஒரு பாக வழக்குக்குப் பேனல் வக்கீல் தாராளமாகப் போதும். அப்பா கையெழுத்து போலி, பத்து வருஷத்துக்கு முன்னாலேயே வாய்மொழிப் பாகம் நடந்துவிட்டது, கம்பெனிப் பங்குகளும் இருக்கின்றன என்றெல்லாம் போனால், அந்தத் துறையில் பழகிய ஆளைக் காசு கொடுத்து அமர்த்துவது மேல்.

உட்கார்ந்து பேசுவது

சமரச மையத்துக்கும் மக்கள் நீதிமன்றத்துக்கும் வித்தியாசம் உண்டு. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் இந்தியாவிலேயே முதலில் 2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் தொடங்கியது. இப்போது மாவட்டங்களிலும் இருக்கிறது. அங்கே பயிற்சி பெற்ற சமரசர் ஒருவர் இரு தரப்பையும் சேர்த்தும் தனித்தனியாகவும் வைத்துப் பேசுவார், பல அமர்வுகள் நடக்கும். மக்கள் நீதிமன்றத்தில் பெரும்பாலும் பேசி முடித்ததை அன்றைக்கே பதிவு செய்வார்கள். வழக்கு போடாமலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து அண்ணனுக்கு அழைப்பு அனுப்பவும் செய்யலாம்.

அண்ணன் தங்கைக்கு நடுவில் இதுதான் பொருத்தம் என்று பொதுவாகச் சொல்வார்கள். நானும் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு: வக்கீல் இல்லாமல் அந்த மேசைக்குப் போகாதீர்கள். ஏனென்றால் மக்கள் நீதிமன்றத்தில் பதிவான உடன்பாடு சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. மூத்தவர்கள் சுற்றி உட்கார்ந்து, "சரிம்மா, விட்டுக்கொடு, நாளைக்குப் பொறந்த வீடு வேணும்ல" என்று சொல்லும்போது, உங்கள் பங்கு இன்ன மதிப்பு, இதற்குக் கீழே போனால் இன்ன நஷ்டம் என்று காதோடு சொல்ல ஓர் ஆள் வேண்டும். முடிவு உங்களுடையதுதான். கட்சிக்காரரின் தெளிவான சம்மதம் இல்லாமல் அவர் உரிமையை வக்கீல் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் சொல்லியிருக்கிறது. விட்டுக்கொடுக்க நீங்களே விரும்பினால், தெரிந்து விட்டுக்கொடுங்கள்.

உடன்பாட்டு மனுவையும் அவர்தான் வரிவரியாகப் பார்க்க வேண்டும். "வடபுறம் தங்கைக்கு" என்றால் போதாது. சர்வே எண், நான்கு எல்லை கண்ட செக்குபந்தி, கிணற்றிலும் மோட்டார் இணைப்பிலும் யாருக்கு எவ்வளவு, வண்டிப் பாதை எந்த வழி, பணமாகத் தருவதென்றால் எந்தத் தேதிக்குள், தவறினால் என்ன என்று எல்லாம் எழுத்தில் வர வேண்டும். வண்டிப் பாதை எழுதாமல் விட்ட சமாதானம் அடுத்த வழக்கின் முதல் பக்கம். உடன்பாடு வரவில்லை என்றால் நஷ்டம் ஒன்றுமில்லை. மக்கள் நீதிமன்றத்துக்குத் தானாகத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கிடையாது, வழக்கு பழைய இடத்துக்கே திரும்பும். உடன்பாடு வந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தரப்பினர் வெளியில் தாங்களாகவே பேசி முடித்துக்கொண்டாலும் அது பொருந்தும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றமே மனுதாரராக வந்த ஒரு வழக்கில், சொல்லிவிட்டது.

ஊர்ப் பெரியவர்கள் முன்னால், யாருக்கு எது என்று குறிக்கும் கூர்ச்சீட்டு எழுதிக்கொள்வதும் ஒரு வழிதானே என்று கேட்பீர்கள். எல்லோருக்கும் மனம் ஒத்துப்போனால் அதைவிட நல்லது இல்லை. ஆனால் அதோடு நிறுத்தாமல் பதிவுப் பத்திரமாக்குங்கள். பாகத்தை அந்தத் தாளே பிரித்துக் கொடுப்பதாக இருந்து, பதிவாகாமல் கிடந்தால், நாளைக்கு நீதிமன்றத்தில் பாகத்துக்குச் சாட்சியமாக ஏறாது. குடும்பத்துக்குள் பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான். 2023 ஜூலை முதல் ஒரு பங்குக்கு உச்சவரம்பு 40,000 ரூபாய். பத்திர எழுத்தர் சொன்னதை எழுதுவார், நன்றாகவே எழுதுவார். உங்களுக்கு இது லாபமா என்று சொல்வது அவர் வேலையில்லை.

நானே வாதாடினால்?

உங்கள் வழக்கை நீங்களே நடத்தலாம், தடையில்லை. நுகர்வோர் ஆணையத்தில் அப்படித்தான் செய்ய வேண்டும் என்றுகூடச் சொல்வேன்; 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கோ சேவைக்கோ அங்கே புகார்க் கட்டணமே இல்லை. பாக வழக்கில் வேண்டாம். மேலே சொன்ன 37-வது பிரிவு ஒன்றே காரணமாகப் போதும். உங்களுக்காகக் கணவர் பேசலாம் என்றும் நினைக்காதீர்கள். பவர் எழுதிக்கொடுத்தால் அவர் கையெழுத்துப் போடலாம், நீதிமன்றம் தனியாக அனுமதித்தால் ஒழிய வாதாட முடியாது.

எனில் எது?

நம் உதாரணத்துக்கு என் வரிசை இது. கருத்துக்கு ஒரு வக்கீல், காசு கொடுத்து. அவர் கையால் அளவான ஒரு நோட்டீஸ். விற்பனை ஆபத்து இல்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாகப் பேச்சு, பக்கத்தில் பேனல் வக்கீலோ சொந்த வக்கீலோ. அது முறிந்தால் வழக்கு. வழக்கு நடக்கும்போதும் சமரசத்துக்குக் கதவு திறந்துதான் இருக்கும். விற்பனை ஆபத்து இருந்தால் இந்த வரிசையைத் தலைகீழாகப் போடுங்கள்: முதலில் பிராதும் இடைக்கால மனுவும், அப்புறம் பேச்சு. அம்மாவுக்குத் தனி வக்கீல் வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். அவர் பங்கை யார் பக்கம் சாய்ப்பார் என்பதில்தான் பாதிச் சண்டையே இருக்கிறது. உங்கள் வக்கீலே அவருக்கும் என்றால் நாளைக்கு அதையே அண்ணன் கேள்வியாக்குவார்.

வக்கீல் சரியில்லை என்று பட்டால் என்ன செய்வது என்பதையும் வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன்னால் தெரிந்துகொள்வது நல்லது. வக்கீலின் சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை மூடிவிட்டது. ஒழுங்கீனம் என்றால் மாநில பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். கண்டனத்திலிருந்து பெயரை நீக்குவது வரை அதற்கு அதிகாரம் உண்டு. அவ்வளவு தூரம் போகாமல் ஆளை மாற்றினால் போதும் என்றால், அவரிடம் ஆட்சேபணையில்லை என்று எழுதி வாங்கிப் புது வக்காலத்துப் போடுவார்கள். தர மறுத்தால் நீதிமன்றத்திலேயே அனுமதி கேட்கலாம். ஃபீஸ் பாக்கிக்காக வழக்குக் காகிதக் கட்டைப் பிடித்துவைத்துக்கொள்ள அவருக்கு உரிமையில்லை என்பது 2000-லேயே தீர்ப்பான விஷயம்.

வழக்கு போட்ட அன்றே, உங்கள் வழக்குக்கென்றே உள்ள அடையாள எண்ணான சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதினாறு எழுத்தும் எண்ணுமாக இருக்கும். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, எதற்காக, போன தடவை என்ன நடந்தது என்று வரும். குமாஸ்தா சொல்லும் தேதியோடு அதை ஒத்துப் பாருங்கள்.